ஆபீசர் வேலைக்குப் போகிறார்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு கோட்டிலிருந்து பிறந்தது.

பள்ளிப் பாடநூல் ஒன்றில் வரைபடங்களுக்குக் கீழே நான்கு வரி விளக்கம் எழுதித் தரும் வேலை எனக்கு வந்தது. கதை எழுதி வயிறு நிறைந்தவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது; அதனால் இப்படிப்பட்ட வேலைகள் வந்தால் மறுபேச்சுப் பேசாமல் வாங்கிக்கொள்வேன். ஒரு படத்தில் அந்தக் கோடு இருந்தது. நாட்டு மக்களில் வேலை செய்யும் வயதில் இருப்பவர்கள் எத்தனை பங்கு, அது காலப்போக்கில் எப்படி மாறியது என்று காட்டும் கோடு. முதலில் கீழே கிடக்கிறது. பிறகு ஏறுகிறது, ஏறிக்கொண்டே போகிறது, உச்சியில் கொஞ்ச காலம் மூச்சு வாங்குகிறது, அப்புறம் இறங்கத் தொடங்குகிறது. கோடு உயரத்தில் இருக்கும்போது சம்பாதிக்கும் கைகள் அதிகம், சாப்பிட மட்டும் செய்யும் வாய்கள் குறைவு. நாடு நிமிர்வதானால் அந்தச் சமயத்தில்தான் நிமிர வேண்டுமாம்.

"உச்சியில ஒரு அம்புக்குறி போட்டு 'பொற்காலம்'னு எழுதிடுங்க சார். பசங்களுக்கு டக்குனு புரியும்" என்றார் பதிப்பாசிரியர்.

எழுதத்தான் போனேன். படத்துக்கு அடியில் எறும்பு எழுத்தில் ஒரு குறிப்பு: வேலை செய்யும் வயது என்பது பதினைந்து முதல் அறுபத்துநான்கு வரை. வயதைத்தான் சொல்கிறது. வேலை கிடைத்ததா என்று அந்தக் கோடு யாரையும் கேட்கவில்லை. அம்புக்குறியின் நுனியில் ஓர் ஆள் நிற்பது எனக்குத் தெரிந்தது. இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை, கையில் சாப்பாட்டு டப்பா. பார்த்தால் வேலைக்குக் கிளம்பிய மனிதர். போவதற்கு இடம்தான் இல்லை.

பாடநூல் வேலை அப்படியே கிடக்கிறது. பதிப்பாசிரியர் போன் செய்தால் நான் எடுப்பதில்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி: அவர் பிறந்த வருடம் ஆஸ்பத்திரியில் ஒரு கட்டிலுக்கு இரண்டு தாய்மார் படுத்திருந்தார்கள். அவர் பள்ளிக்கூடம் போனபோது ஒரு பெஞ்சுக்கு ஆறு பேர். அவர் வேலைக்கு மனு போட்டபோது ஒரு நாற்காலிக்கு —

[நிறுத்திவிட்டேன். இது கதை இல்லை, வரைபடத்துக்கு இன்னொரு விளக்கம். எல்லாம் சரிதான், ஆளைத்தான் காணோம்.]

இரண்டாம் முயற்சி: அன்று காலை அக்காவின் முகத்தருகே தலையணையைக் கொண்டுபோன —

[சீ. இதை நீங்கள் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வரியிலேயே வாசகரைப் பிடித்து உலுக்க வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டால் புத்தி இப்படித்தான் போகும்.]

மூன்றாம் முயற்சி. இதை வைத்துக்கொள்கிறேன்:

தெருவில் எல்லோரும் அவரை ஆபீசர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஆரம்பத்தில் அது 'வெட்டி ஆபீசர்'. முதுகுக்குப் பின்னால் சொன்னது, பிறகு முகத்துக்கு நேராகவே வந்தது. வருடங்கள் போகப் போகக் கேலி செய்தவர்களுக்கும் அலுத்துவிட்டது. 'வெட்டி' உதிர்ந்து 'ஆபீசர்' மட்டும் நின்றது. புதிதாகக் குடிவந்தவர்கள் அவர் ஏதோ பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் என்று நினைத்து வணக்கம் வைத்தார்கள். அவரும் பதிலுக்கு வணக்கம் வைத்தார். வேறு என்னதான் செய்வார், பாவம்.

3

அந்த வீட்டில் இரண்டே பேர்: ஆபீசர், அவருக்கு மூன்று வயது மூத்த அக்கா. அப்பா அம்மா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அக்காவுக்குச் சட்டை தைக்கும் ஃபேக்டரியில் வேலை, காலர் பிரிவு. காலையிலிருந்து மாலைவரை காலர், காலர், காலர். உடம்பும் கையும் இல்லாத சட்டைக் கழுத்துகள் அவள் மேஜைமேல் குவியும்.

தம்பிக்கு இருபத்துமூன்று வயதில் ஒரு வேலை கிடைத்தது. சிமெண்ட் கிடங்கில் மூட்டை இறக்குவது. கல்லூரி முடித்தவன்தான், ஆனால் வேலைவாய்ப்பு அலுவலக வரிசையில் அவனுக்கு முன்னால் நின்றவர்களும் கல்லூரி முடித்தவர்கள்தான், பின்னால் நின்றவர்களும் அப்படியே. கிடைத்ததை விடக்கூடாது என்று போனான். ஒரு வாரம் ஓடியது. அன்று சாயங்காலம் அவன் முற்றத்தில் சட்டையைக் கழற்ற முடியாமல் நின்றதை அக்கா பார்த்துவிட்டாள். தோள் தோல் உரிந்து சட்டையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வெந்நீர் விட்டு விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தெடுத்தாள். பிரிக்கும்போது அவன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான், அவள்தான் அழுதாள்.

"நாளைக்குப் போகாத."

"இப்பதான்க்கா சேந்திருக்கேன். போகப் போகப் பழகிடும்."

"என்னத்தப் பழகும்? படிச்ச புள்ளடா நீ. ஆபீஸ் வேலை வரும். வர்ற வரைக்கும் நான் இருக்கேன்ல?"

மறுநாள் விடிந்தது. தெரு சும்மா இருக்குமா? ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை என்று வாய் கூசாமல் பேசும். அக்கா யோசித்தாள். அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டாள், டப்பாவில் சாப்பாடு கட்டினாள்.

"இன்னிக்கு மட்டும் வேலைக்குப் போற மாதிரி கிளம்பிப் போயிட்டு வா. அப்புறம் பாத்துக்கலாம்."

போனான். சாயங்காலம் வந்தான். அந்த 'அப்புறம்' வரவேயில்லை.

அன்றிலிருந்து தினமும் இருவரும் ஒன்றாகக் கிளம்பினார்கள். தெருமுனையில் பிரிவார்கள். அவள் ஃபேக்டரிக்கு, அவன் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு, அது கைவிட்டபிறகு வாசகசாலைக்கு, அதுவும் அலுத்தபோது ரயில் நிலையத்து பெஞ்சுக்கு. மதியம் டப்பாவைத் திறப்பான். அந்த டப்பாவில் இரண்டு கொக்கிகள். ஒன்று விரலாலேயே 'டக்'கென்று வரும். இன்னொன்று வாங்கிய நாளிலிருந்தே இறுக்கம். உள்ளங்கையால் ஓங்கித் 'தட்'டென்று ஒரு அடி கொடுத்தால்தான் விடும். தினமும் காலையில் அதை அழுத்தி மூடுகிறவளும் சாயங்காலம் திறந்து கழுவுகிறவளும் அக்கா என்பதால் அந்த இரண்டு சத்தமும் அவளுக்கு மனப்பாடம்.

சாயங்காலம் அவள் கேட்பாள்: "இன்னிக்கு எப்படிடா இருந்துச்சு?"

அவன் சொல்வான்: "பரவாயில்லக்கா."

இதைப் பொய் என்று சொல்லாதீர்கள். இரண்டு பேருக்குமே தெரிந்த விஷயம். இருவரும் சேர்ந்து தாங்கிக்கொண்ட ஒன்று.

[* அக்காவுக்குக் கல்யாணம்? ஒரு வரன் வந்ததாக மூன்று பக்கம் எழுதினேன். நல்ல மனிதர், சைக்கிள் கடை வைத்திருந்தார். "தம்பிக்கு ஒரு வேலை கிடைக்கட்டும்" என்றாள். அவர் சில காலம் காத்திருந்துவிட்டு வேறு இடத்தில் கட்டிக்கொண்டார். மூன்று பக்கத்தையும் கிழித்துவிட்டேன், விஷயம் இவ்வளவுதான்.]

4

நீங்கள் முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. நாற்பது வருடத்தில் ஒரு மனிதனுக்கு ஒரு வேலைகூடவா கிடைக்காது?

கிடைத்தது. ஒரு துணிக்கடையில் கூட்டம் அலைமோதும் மாதங்களுக்கு மட்டும். ஒரு அச்சகத்தில், முதலாளி அதை விற்கும் வரைக்கும். எங்கே போனாலும் இவனைவிடச் சின்ன வயதில், இவனைவிடக் குறைந்த கூலிக்கு, இவனைவிட வேகமாகத் தலையாட்ட இன்னொருவன் வாசலில் நின்றான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன். முப்பது தாண்டியதும் வயது அதிகம் என்றார்கள். நாற்பதில் 'பையன்தான் வேணும்' என்றார்கள். ஒரு கட்டத்தில் அவர் கேட்பதையே விட்டுவிட்டார்.

அதைச் சோம்பேறித்தனம் என்று நீங்கள் சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன். நானே ஒரு பிரதியில் அவரைச் சோம்பேறியாக எழுதிப் பார்த்தேன். அக்கா எனக்கு ஒத்துழைக்கவில்லை. ஒரு வசனம் பேச மாட்டேன் என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். கதை நகரவே இல்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்த வருடங்களில் கோடு ஏறியது அல்லவா, அதில் அவரும் சேர்த்திதான். ரயில் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்தபடியே அவரும் அதைத் தன் பங்குக்கு மேலே தூக்கினார். நாட்டின் பொற்காலத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே பங்கு அதுதான். எழுதும்போதே எனக்கு ஆத்திரமாக வருகிறது.

[* இளமையில் 'அவன்' என்றும் இப்போது 'அவர்' என்றும் எழுதுகிறேன். எந்த வயதில் மாற்றினேன் என்று தேடாதீர்கள். வழக்கமாக வேலைதான் ஒரு ஆளை 'அவர்' ஆக்கும். இவர் விஷயத்தில் நரைதான் அதைச் செய்ய வேண்டியிருந்தது.]

5

இப்போது அவருக்கு அறுபத்துநான்கு. கோடு இறங்கிக்கொண்டிருக்கிறது.

ஒரு பெஞ்சுக்கு ஆறு பேர் நெருக்கியடித்த பள்ளிக்கூடத்தில் 'முதியோர் பகல்நேரக் காப்பகம்' என்று பலகை மாட்டியாயிற்று. இளைஞர்கள் மிச்சமிருக்கும் இடம் தேடி ஃபேக்டரி எங்கோ போய்விட்டது. தெருவில் வீட்டுக்கு வீடு ஒரு கட்டில், அதில் ஒருவர், தலைமாட்டில் ஒரு போன். பிள்ளைகள் போனுக்குள்தான் இருக்கிறார்கள்.

அக்கா விழுந்து இரண்டு வருடமாகிறது. இடது பக்கம் முழுக்க வராது. வாய் மட்டும் கொஞ்சமும் குறையவில்லை. ஆபீசர் அவளைப் பக்கம் மாற்றிப் படுக்கவைப்பார், முதுகு புண்ணாகாமல் துடைத்துவிடுவார், தண்ணீரைக் கரண்டி கரண்டியாகக் கொடுப்பார். டம்ளரில் கொடுத்தால் புரையேறும். ஒருமுறை முகம் நீலம் பாரித்துவிட்டது. டப்பா அலமாரியில் கவிழ்ந்து கிடந்தது. வீட்டிலேயே இருக்கும் மனிதருக்கு டப்பா எதற்கு?

பக்கத்து வீட்டுக் கிழவரைப் பார்த்துக்கொள்ள ஒரு கம்பெனி ஆள் அனுப்பி வந்தது. அந்த வேலையை மேற்பார்வையிட வந்த பெண் ஒருத்தி ஜன்னல் வழியாக ஆபீசர் அக்காவைத் திருப்பிப் படுக்கவைப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு உள்ளே வந்தாள்.

"சார், எங்க கம்பெனிக்கு வேலைக்கு வர்றீங்களா?"

ஆபீசர் திரும்பிப் பின்னால் பார்த்தார். அங்கே வேறு சார் யாரும் இல்லை.

"எனக்கு அறுபத்துநாலு ஆகுதும்மா."

"அதனால என்ன சார்? எங்ககிட்ட எழுபது தாண்டினவங்களே இருக்காங்க. சின்ன வயசு ஆளுங்களுக்கு நான் எங்க போவேன்? மூணாவது தெருவுல ஒரு ரிட்டயர்டு ரயில் டிரைவர், தனியா இருக்கார். பகல் மட்டும் போய்ப் பாத்துக்கணும்."

"அப்ப எங்கக்காவ?"

"அவங்களுக்கு நாங்க ஒரு ஆள் அனுப்புவோம். உங்க சம்பளத்துலயே சரிக்கட்டிக்கலாம்..." அவளே நிறுத்திக்கொண்டாள். "ஆனா ஆள் இல்லையே சார். இருந்தா நான் ஏன் உங்களக் கேக்குறேன்?"

கட்டிலில் அக்கா சிரித்துவிட்டாள். அந்தப் பெண்ணுக்கும் சிரிப்பு வந்தது. தன் வீட்டிலும் அப்பா, அம்மா, மாமனார், மாமியார், கல்யாணம் ஆகாத ஒரு சித்தப்பா என்று ஐந்து பேர் என்று சொல்ல ஆரம்பித்தவள், வாக்கியத்தின் நடுவில் நாற்காலியில் அப்படியே தூங்கிப்போனாள். இந்தக் கதையில் வரும் ஒரே இளம் ஆள் அவள்தான். அவளையும் தூங்கத்தான் வைக்க முடிந்தது. ஆபீசர் மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவைத்தார்.

எழுந்ததும் வெட்கப்பட்டுக்கொண்டு, "திங்கக்கிழமை காலைல வந்துடுங்க சார்" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

6

"போயிட்டு வாடா" என்றாள் அக்கா.

"உன்ன விட்டுட்டா?"

"நான் எங்க எந்திரிச்சு ஓடிடப் போறேன்?"

"தண்ணி கேட்டா யார் குடுப்பா?"

"குடிக்காம இருந்துக்கறேன். சாயங்காலம் வந்து குடு."

"பைத்தியமா உனக்கு? திரும்பிப் படுக்க முடியாது உன்னால."

அடுத்து அக்கா பேசியபோது குரலில் கேலி இல்லை.

"அன்னிக்கு நான்தானடா உன்ன நிறுத்துனேன். தோள் ஆறியிருக்கும். காய்ச்சுப் போயிருக்கும். நீயும் அங்கயே ஒரு மேஸ்திரி ஆயிருப்ப, பொண்டாட்டி புள்ளைங்கனு இருந்திருப்ப. நான் பாசம்னு நெனச்சுக்கிட்டு உன்னத் தண்டச்சோறு ஆக்கிட்டேன்."

"அக்கா, அப்படிச் சொல்லாத."

"நான் சொல்லாம வேற யாரு சொல்றது? நிறுத்துனவளே அனுப்பியும் வைக்கணும்டா. நெசமாவே நீ வேலைக்குப் போறத ஒரு நாளாச்சும் பாத்துட்டுக் கண்ண மூடுறேன். இத விட்டா எனக்கு வேற ஆசை இல்ல."

ஆபீசருக்கும் ஆசைதான், அதுதான் கொடுமை. 'சார்' என்று ஒரு பெண் கூப்பிட்டாளே, அதை அவர் மனசுக்குள் பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டார். வாழ்நாள் முழுக்க வாசலில் நின்று கேட்ட வேலை இப்போது வீடு தேடி வந்திருக்கிறது. எடுத்தால் அக்கா தனியே கிடக்க வேண்டும், விட்டால் அக்காவின் கடைசி ஆசை போய்விடும். எழுந்துபோய் டப்பாவைக் கழுவினார்.

7

முடிவுகள். எழுதியவரை காட்டுகிறேன்.

அ) அவர் வேலைக்குப் போகிறார். சாயங்காலம் திரும்பி வந்தால் அக்காவின் வலது கை கட்டிலுக்கு வெளியே தொங்குகிறது, தரையில் டம்ளர் —

[அடித்துவிட்டேன். படுக்கையில் இருப்பவர்களைக் கொன்று வாசகரிடம் கண்ணீர் கறப்பது எங்கள் தொழிலில் ரொம்ப சுலபம்.]

ஆ) அவர் போகவில்லை. அக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறாள். அதன் பிறகு —

[அதன் பிறகு ஒன்றும் இல்லை. அவள் அப்படியே இருந்துவிடுவாள். அது எனக்குத் தாங்காது.]

இ) நல்ல மனசுள்ள யாரோ ஒருத்தர் "பகல்ல நான் பாத்துக்கறேன், நீங்க போங்க" என்கிறார். எல்லோரும் சந்தோஷமாக —

[இதைத்தான் எழுத ஆசைப்பட்டேன், சத்தியமாக. அந்த 'யாரோ'வைத் தேடித் தெரு முழுக்க வீடு வீடாக எழுதிப் பார்த்தேன். எல்லாக் கட்டிலிலும் ஒருவர் படுத்திருந்தார். எல்லாக் கட்டிலின் ஓரத்திலும் ஒருவர், அவரைவிடக் கொஞ்சம்தான் வயது குறைந்தவர், உட்கார்ந்திருந்தார். கதைக்குள்ளும் ஆள் பஞ்சம்.]

8

ஆகவே, நடந்தது மட்டும்.

திங்கட்கிழமை காலை ஆபீசர் அக்காவைத் துடைத்து, துணி மாற்றி, சாப்பாடு ஊட்டினார். பிறகு டப்பாவில் தனக்குக் கட்டினார். "அந்தக் கொக்கிய நல்லா அழுத்து" என்று அக்கா படுத்தபடியே சொன்னாள். இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு அவள் கண்ணில் படும் இடத்தில் வந்து நின்றார்.

"குனி."

குனிந்தார். வராத கை கிடக்க, வருகிற கையால் அவள் அவருடைய காலரை இழுத்து, மடிப்பைச் சரிசெய்து, விரலால் ஒருமுறை நீவிவிட்டாள். வாழ்நாளில் எத்தனையோ காலர் தைத்தவள். ஒரு கழுத்தோடு சேர்ந்து அவள் நின்று நிதானமாகப் பார்த்த காலர் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

"போயிட்டு வாடா" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அதை எழுத எனக்குத் தெரியவில்லை.

அவர் முன்கதவைச் சாத்திவிட்டு இறங்கினார். தெருமுனைவரை போனார். வலது பக்கம் திரும்பினால் மூன்றாவது தெரு. அங்கேயே நின்றார். கால் நகரவில்லை. பிறகு போனை எடுத்து, "இன்னிக்கு என்னால முடியாதும்மா" என்றார். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு மட்டும் கேட்டது. மூன்றாவது தெருவில் அந்த ரயில் டிரைவர் வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அவருக்கு அனுப்ப என்னிடமும் ஆள் இல்லை.

ஆபீசர் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டின் பின்பக்கம் வந்தார். அக்காவின் ஜன்னலுக்கு நேர் கீழே துணி துவைக்கும் கல் ஒன்று உண்டு. அதில் சத்தம் காட்டாமல் உட்கார்ந்தார். இங்கிருந்தால் அவள் மூச்சு கேட்கும். கட்டில் முனகுவது கேட்கும். புரையேறினால் ஒரே ஓட்டத்தில் போய்விடலாம்.

வெயில் ஏறியது. உள்ளே அக்கா தனக்குத்தானே எதையோ முனகிக்கொண்டாள், ஒருமுறை லேசாகச் சிரித்தாள். இத்தனை வருடமாக அவர் வேலைக்குப் போகாதது அவளுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். அவளை நிஜமாக ஏமாற்றுவது இதுதான் முதல் தடவை.

மதியமானது. பசி வயிற்றைக் கிள்ளியது. டப்பாவை மடியில் வைத்து முதல் கொக்கியை மெதுவாக எடுத்தார். டக். நல்லவேளை, சின்னச் சத்தம்தான். இரண்டாவதை நகத்தால் நெம்பிப் பார்த்தார். வரவில்லை. சட்டை நுனியைச் சுற்றி இழுத்துப் பார்த்தார். ம்ஹூம். அக்காதான் நன்றாக அழுத்தச் சொன்னாளே. வேறு ஏதோ நினைப்பில் இருந்தார், அல்லது பசி, அல்லது நாற்பது வருடப் பழக்கம். கை தானாகவே உயர்ந்து ஓங்கி ஓர் அடி கொடுத்துவிட்டது.

தட்.

உள்ளே முனகல் நின்றது. கட்டில் சத்தமும் நின்றது. ஆபீசர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

ரொம்ப நேரம் கழித்து அக்காவின் குரல் வந்தது. யாரையும் கூப்பிடவில்லை. மேலே உத்தரத்தைப் பார்த்துப் பேசுவது போல, ஆனால் கொஞ்சம் உரக்க:

"தண்ணி எடுத்துட்டுப் போனானோ என்னமோ."

அவர் எடுத்துப் போகவில்லை. மறந்துவிட்டார்.

9

இதற்குமேல் எனக்கு எழுத வரவில்லை. "இங்கதான்க்கா இருக்கேன்" என்று அவர் வாய் திறந்தால் காலையில் அவள் முகத்தில் இருந்தது போய்விடும். திறக்காவிட்டால் சாயங்காலம்வரை ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், இரண்டு பேருக்கும் நா வறண்டு கிடக்கும். அவள் தெரிந்தே சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கிறார். நானும்தான்.

நான் ஏதாவது செய்யலாம்தான். ஆனால் சென்ற மாதம் எனக்கு அறுபத்தைந்து முடிந்தது. எறும்பு எழுத்துக் குறிப்பின்படி நான் கணக்கிலேயே இல்லை. உங்களுக்கு எத்தனை வயது என்று எனக்குத் தெரியாது. பதினைந்துக்கு மேல், அறுபத்தைந்துக்குக் கீழ் என்றால், இந்தக் கதையில் நான் எங்கெங்கோ தேடிக் கிடைக்காத அந்த ஆள் நீங்கள்தான்.

முன்கதவைத் தாழ் போடவில்லை, சும்மாதான் சாத்தியிருக்கிறது. தண்ணீர் பானை உள்ளே நுழைந்ததும் இடது பக்கம். அவளுக்கு டம்ளரில் கொடுக்காதீர்கள், கரண்டியால் கொடுங்கள்.